ஜிஞ்சரின் வாலில் ஒட்டியிருக்கும் வேர்

ஜூன் 9, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"ஆங்கிலத்தில் ஜிஞ்சர் என்று சொல்வது நம் 'இஞ்சி வேர்' என்பதன் திரிபு என்று ஒரு மலரில் படித்தேன். கோழிக்கோட்டில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் சந்தையில் கேட்ட சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்களாம். எங்கள் வீடு எருமாடு பக்கம். மூன்று தலைமுறையாக இஞ்சி போடுகிறோம். இங்கே தமிழரும் சரி, மலையாளிகளும் சரி, இஞ்சி என்றுதான் சொல்கிறார்கள். 'இஞ்சி வேர்' என்று ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. யாரும் சொல்லாத சொல்லை வெள்ளைக்காரர்கள் எங்கே கேட்டார்கள்?"

ஜூன் 9, இரவு

நான் பந்தலூர் பக்கம். அரை ஏக்கரில் இஞ்சி போடுகிறேன், அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்தில் பச்சையாக வாங்கிச் சுக்காக்கி விற்கிறேன். இந்தச் சொல்லின் பின்னால் பத்து வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். இஞ்சி வேர் என்பதில் உண்மை இருக்கிறது. கோழிக்கோட்டுக் கதையில் இல்லை.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த ஆண்டு 1498. இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில மருத்துவச் சுவடிகளிலேயே 'ஜிஞ்சிஃபெர்' வந்துவிட்டது. கப்பல் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னதாகவே சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பின்னோக்கி நடந்தால் வழி இப்படிப் போகும். ஆங்கிலத்துக்கு முன்னால் பழைய பிரெஞ்சில் 'ஜிஞ்சிவ்ர்'. அதற்கும் முன்னால் இடைக்கால லத்தீனில் 'ஜிஞ்சிபெர்'. ரோமர்களின் லத்தீனில் 'ஸிங்கிபெரி'. அவர்கள் கிரேக்கரிடமிருந்து எடுத்தது, 'ஸிங்கிபெரிஸ்'. கிரேக்கருக்கு அது கிடைத்தது நம் பக்கத்துப் பிராகிருதத்திலிருந்து. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதன் வடிவம் 'சிங்கிவேர'. அந்த இடத்தில் நின்று சொல்லின் வாலைப் பாருங்கள். வேர் அப்படியே தெரிகிறது.

ஆகவே ஆங்கிலேயர் யாரும் நம் சந்தையில் காது வைத்துக் கேட்கவில்லை. கேட்டவர்கள் பாலியும் பிராகிருதமும் பேசிய வடக்கத்தி வணிகர்கள், ஆங்கிலம் என்ற மொழியே பிறக்காத காலத்தில்.

ஜூன் 10

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கோழிக்கோட்டுக் கதை இஞ்சிக்குத்தான் பொருந்தாது, வேறு சொற்களுக்கு அச்சாகப் பொருந்தும். மாங்காய் அல்லது மாங்ங, போர்த்துகீசியரின் வாயில் 'மங்கா', ஆங்கிலத்தில் மேங்கோ. சக்கை 'ஜாக்கா' ஆகி ஜாக் பழம். தேக்கு 'டெக்கா' ஆகி டீக். வெற்றிலை பீட்டல், அடைக்காய் அரெக்கா. கொப்பரையும் கயிறும்கூட இந்தக் கரையில் ஏறியவைதான்.

இவற்றைக் காதால் கேட்டாலே வித்தியாசம் புரியும். மங்கா, டெக்கா, ஜாக்கா எல்லாம் நேற்று மரத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கின்றன. நானூறு, ஐந்நூறு வருடத்துச் சொற்கள், தேய்மானம் குறைவு. ஜிஞ்சரோ ஆறு மொழிகளின் படித்துறையில் உரசி உரசிக் கூழாங்கல்லாகிவிட்டது. ஒரு சொல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது எப்போது ஊரைவிட்டுக் கிளம்பியது என்று ஓரளவு சொல்லலாம்.

ஜூன் 10, மாலை

"அப்படியானால் ரைஸ், அரிசி?" என்று ஒருவர் கேட்கிறார். அரிசியை இந்த மூட்டையில் கட்ட வேண்டாம். கிரேக்க 'ஒரைசா' ஈரானியக் கிளை வழியாக வந்தது என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். சமஸ்கிருத 'வ்ரீஹி'யும் அந்தப் பக்கத்து உறவு. நமக்கு உரிமையான சொற்களே நிறைய இருக்கும்போது வழக்கில் இருப்பதை இழுத்துப் போட்டால் உரிமையானதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் 14

மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் நட்ட பாத்திகளில் முளை நான்கு விரல் உயரம் வந்திருக்கிறது. இரண்டாவது முறை தழை போர்த்தி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அப்பா. இலங்கையின் மலைத்தோட்டத்தில் பிறந்தவர். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, நீலகிரியின் இந்த ஓரத்தில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர். மழைக்காலத்தில் அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தால், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "இங்குரு தே!" என்பார். சிங்களத்தில் இஞ்சிக்கு இங்குரு என்று பெயர். தோட்டத்துக்கு வெளியே இருந்த சிங்களக் கடைக்காரர் ஒருவர் சிறு வயதில் அவருக்குக் கொடுத்த தேநீரின் பெயர் அது. ஊரைவிட்டு வந்து முப்பது வருடம் கழித்தும், அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

சிறு வயதிலிருந்து எனக்குள் ஓடியது இதுதான்: இஞ்சி, இங்குரு. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவும் கரையும். நம் இஞ்சிதான் சிங்களத்துக்குப் போய் இங்குரு ஆகியிருக்கும்.

ஜூன் 15

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திருத்துகிறேன். அது நெடுநாள் நம்பிக்கை. ஆனால் தப்பு.

இங்குரு நம் இஞ்சியிலிருந்து போகவில்லை. சிங்களம் பிராகிருதத்தின் மகள். அதனிடம் இருப்பது சிங்கிவேரவின் நேர் வாரிசு. சிங்களத்தில் பழைய 'ஸ' ஒலி பல சொற்களில் 'ஹ' ஆகும். சூரியன் அங்கே 'ஹிரு', ஏழு என்ற எண்ணைக் குறிக்கும் சப்த 'ஹத'. அந்த ஹகரமும் தேய்ந்தால் முன்னால் ஒன்றும் மிஞ்சாது. சிங்கிவேர முன்னால் தலையை இழந்து, பின்னால் வேர் 'உரு'வாகச் சுருங்கி, இங்குரு ஆகியிருக்கிறது. இஞ்சிக்குள் வேர் இல்லை, இங்குருவுக்குள் இருக்கிறது. அப்பா குடித்த தேநீரில் நம் வேர் இருந்திருக்கிறது, நாங்கள் வீட்டில் சொன்ன சொல்லில் இல்லை. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஜூன் 22

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். அங்கே கடையில் இஞ்சிக்கு 'இங்வெர்' என்று அட்டை மாட்டியிருக்கிறதாம். "இங்-வெர், இஞ்சி-வேர்! ஆங்கிலேயரைவிட ஜெர்மானியர் நம் சொல்லைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நடுவில் கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை" என்கிறார்.

அந்த அட்டையைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் முதன்முதலில் கேள்விப்பட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். ஆனாலும் இது கண்ணைக் கட்டுகிற ஒற்றுமை. பழைய ஜெர்மன் ஏடுகளில் 'கிங்கிபெரோ' என்று லத்தீனை ஒட்டித்தான் இருக்கிறது. முதல் மெய் ஜெர்மனுக்குள்ளேயே பின்னால் உதிர்ந்தது. இத்தாலியர் 'ஸென்ஸெரோ' என்கிறார்கள், ஸ்பானியர் 'ஹென்ஹிப்ரே' என்கிறார்கள். எல்லாம் ஒரே லத்தீன் வீட்டுப் பிள்ளைகள்.

முகம் ஒன்றாக இருப்பதால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாது, ஜாதகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 3

இப்போது முக்கியமான சிக்கல். இதை எழுதத்தான் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

பாலியில் சிங்கிவேர. நம்மிடம் இஞ்சி. வால் போகட்டும். தலையில் அந்தச் சகரம் எங்கிருந்து வந்தது? இஞ்சி வேர் என்று கேட்டவர் 'இஞ்சிவேர' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? ஜிஞ்சர் தமிழ்ச் சொல் என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் இந்தச் சகரத்துக்குப் பதில் சொல்வதில்லை. எதிர்க்கட்சி இதை வைத்துத்தான் நம்மைச் சிரிக்கிறது.

பதில் இருக்கிறது. அது முழக்கத்தைவிட அழகானது. தமிழ்தான் தன் சகரத்தைத் தொலைத்திருக்கிறது.

திராவிட மொழிகளின் தெற்குக் கிளையில் சொல்லின் முதலில் நின்ற சகரம் பல இடங்களில் உதிர்ந்துபோனது. தமிழிலேயே இரண்டு வடிவமும் கூடவே வாழ்கிற சொற்கள் உண்டு: சிறகு, இறகு. சிப்பி, இப்பி. இன்னும் நம்ப வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். நமக்கு ஐந்து, ஆறு. நடு இந்தியக் காடுகளில் கோண்டி பேசுகிறவர்களுக்குச் 'சையுங்', 'சாருங்'. அவர்களிடம் சகரம் நிற்கிறது, நம்மிடம் போய்விட்டது. மொழியியலாளர் டி. பர்ரோ இந்த உதிர்வைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். 1961இல் எமனோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டவர் அவர்தான்.

ஆகவே இஞ்சியின் பழைய வடிவம் 'சிங்கி' போன்ற ஒன்று என்று மொழியியலார் மீட்டெடுக்கிறார்கள். எந்தக் கல்வெட்டிலும் கிடைக்காது, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். சிங்கியுடன் வேர் சேர்ந்தால் சிங்கிவேர். வடக்கத்தி வணிகர் கேட்டது அதை. அவர் கேட்டுக்கொண்டு போன பிறகு இங்கே சகரம் உதிர்ந்தது, 'ங்க' 'ஞ்ச' ஆனது, வேர் என்ற பின்னொட்டும் தேவையில்லாமல் போனது. மிஞ்சியது இஞ்சி.

பட்டினப்பாலையில் 'முதற் சேம்பின் முளை இஞ்சி' என்று வரும்போதே தலையும் போய்விட்டது, வேரும் போய்விட்டது. மதுரைக்காஞ்சியில் 'இஞ்சி மஞ்சட் பைங்கறி' என்று மலைநிலத்துப் பாறை மேல் குவிந்து கிடக்கும்போதும் அப்படித்தான். (பைங்கறி என்றால் பச்சை மிளகு. அது தனி இழைக்கு ஆகும்.)

எருமாட்டுக்காரரே, உங்கள் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. நாம் இரண்டாயிரம் வருடமாகச் சொல்லாத சொல்லைத்தான் வெளியூர்க்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஜிஞ்சரின் முதலில் இருக்கும் ஜகரம் நாம் தொலைத்த சகரத்தின் பேரன். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அர்' நாம் கழற்றிவிட்ட வேரின் நுனி. தாய் வீட்டில் உடைந்துபோன பாத்திரம் மகள் வீட்டுப் பரணில் முழுசாக இருப்பதுபோல.

ஜூலை 4

மேலே 'இரண்டாயிரம் வருடம்' என்றதை எண்ணிப் பிடிக்க வேண்டாம். சங்கப் பாட்டுகளை வைத்துச் சொன்ன தோராயம்.

ஜூலை 19

இரண்டு பாத்தியில் அழுகல். முதலில் இலை நுனி மஞ்சளானது, மறுநாள் தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி நாறுகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சேச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "மூடுசீயலா?" என்றார். மலையாளத்தில் அதற்கு அந்தப் பெயர். தண்ணீர் தேங்கினால் வருவது. வடிகாலை ஆழமாக்கி, அழுகியதை வேரோடு தோண்டி வெளியே போட்டிருக்கிறேன். இந்த வருடம் போன வருட விளைச்சல் இருக்காது.

கை கழுவிவிட்டு வந்து டியாஸ்கோரிடீஸ் சொன்னதை மறுபடி நினைத்துக்கொண்டேன். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர். ஸிங்கிபெரிஸைப் பற்றி அவர் எழுதியது: கோரைக்கிழங்கு போன்ற சிறு வேர்கள், வெண்ணிறம், மிளகுச் சுவை, நல்ல மணம். பூச்சி அரிக்காததாகப் பார்த்து எடு. சீக்கிரம் கெட்டுப்போவதால் ஊறவைத்து மண்பாண்டத்தில் இத்தாலிக்குக் கொண்டுபோகிறார்கள்.

பூச்சி அரிக்காததாகப் பார்த்து எடு! இதைத்தான் நான் ஒவ்வொரு ஜனவரியிலும் சுக்கு மூட்டையைக் கொட்டிப் பார்க்கும் வியாபாரியிடம் கேட்கிறேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பார். மாவாக உதிர்ந்தால் உள்ளே வண்டு புகுந்துவிட்டது என்று பொருள், அந்த மூட்டைக்கு விலை பாதி. அதே காலத்து ரோமரான பிளினியும் இதைச் சொல்கிறார், விலையும் சொல்கிறார். ஒரு ராத்தல் இஞ்சி 6 தினாரி, கருமிளகு 4, வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. இஞ்சி மிளகு மரத்தின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்றும் எழுதுகிறார். சரிதான். ஆனால் அது அரேபியாவில் விளைகிறது என்று அவரே நம்பினார். இடையில் இருந்த வியாபாரிகள் ஊரின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றும் எந்தத் தரகர் கொள்முதல் செய்யும் இடத்தைச் சொல்கிறார்?

ஆகஸ்ட் 2

"சமஸ்கிருதத்தில் ஸ்ருங்கவேர. கொம்பு போன்ற உடல் உடையது. இஞ்சியைப் பார்த்தால் மான்கொம்பு போலத்தானே இருக்கிறது? சொல் அங்கிருந்துதான் பிறந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மரியாதையாகவே எழுதியிருக்கிறார், அதனால் மரியாதையாகவே பதில்.

இஞ்சி கொம்பு போல இருப்பது உண்மை. அதனால்தான் அந்த விளக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் 'வேர' என்றால் உடல் என்று காட்ட, இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. வேறு மொழியிலிருந்து வந்த சிங்கிவேர என்ற ஒலிக்குத் தெரிந்த சொற்களால் உடை தைத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

வேருக்கு நான் ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். பௌத்த விநய நூலில் பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட வேர்களின் பட்டியல் இருக்கிறது. ஹலித்தி, சிங்கிவேர, வச என்று தொடங்குகிறது. மஞ்சள், இஞ்சி, வசம்பு. அது கொம்புகளின் பட்டியலாக இல்லை, வேர்களின் பட்டியலாக இருக்கிறது. மதுரைக்காஞ்சியின் மலைநிலத்திலும் மஞ்சளும் இஞ்சியும்தான் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

ஆகஸ்ட் 11

எங்கள் ஊர் மொழி விஷயத்தில் ஒரு கலவைச் சோறு. 1877 வரை மலபார் மாவட்டத்தோடு இருந்த தென்கிழக்கு வயநாடு இது, அதற்குப் பிறகுதான் நீலகிரியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் சேரம்பாடி தாண்டினால் கேரளம், இன்னொரு பக்கம் முதுமலையைக் கடந்தால் கன்னட நாடு. வயநாட்டுக்காரர்கள் பலர் குண்டல்பேட்டைப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுகிறார்கள். அங்கிருந்து வரும் லாரி ஓட்டுநர் "ஹசி சுண்டி" என்பார். பச்சைச் சுண்டி. காய்ந்தது 'ஒண சுண்டி'. கன்னடத்துக்கு இரண்டுமே சுண்டி. தெலுங்கில் அல்லம். இந்தியில் அத்ரக், அது 'ஈரமானது' என்ற பொருளுள்ள ஆர்த்ரகவிலிருந்து வந்தது. பெரிய திராவிட மொழிகள் நான்கில் இஞ்சியை இஞ்சி என்று சொல்ல நாமும் மலையாளிகளும்தான் மிஞ்சியிருக்கிறோம். காய்ந்ததற்கு இருவருக்கும் சுக்கு.

மளிகைக்கடை இக்காவிடம் போன வாரம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தராசை நிறுத்திவிட்டு, "ஸன்ஜபீல்" என்றார். சொர்க்கத்தில் நல்லவர்களுக்குக் கொடுக்கப்படும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என்று குர்ஆனில் 76ஆவது அத்தியாயத்தில் வருகிறதாம். வீட்டுக்கு வந்து பார்த்தேன், 17ஆவது வசனம். சிங்கிவேர பாரசீகம் வழியாக அரபிக்குப் போன கிளை அது. மேற்கே ஒரு கிளை, நடுவே ஒரு கிளை. இக்கா எனக்கு அரைக் கிலோ சுக்கை நிறுத்துக் கொடுத்தபோது, அந்தச் சொல் சுற்றிய தூரம் முழுவதும் அந்தத் தராசுத் தட்டில் இருந்தது.

செப்டம்பர் 5

ஓணத்துக்குச் சேச்சி வீட்டிலிருந்து இஞ்சிக்கறி வந்தது. ஒரு இஞ்சிக்கறி நூறு கறிக்குச் சமம் என்பார்கள். நூற்றுப் பத்து என்பேன்.

பள்ளிக்கூட மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: ஆங்கிலத்தில் மெதுவாக, பதமாக ஒன்றைச் செய்வதற்கு 'ஜிஞ்சர்லி' என்கிறார்களே, அதுவும் இஞ்சியா? இல்லை அம்மா. அது மென்மை என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. இஞ்சிக்கும் மென்மைக்கும் என்ன சம்பந்தம்? இஞ்சி தின்ற குரங்கைக் கேட்டால் தெரியும்.

அக்டோபர் 20

ஜூலை 3இல் எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஆனால் அதன் மேல் இன்னொன்றை வைக்க வேண்டியிருக்கிறது. பல நாள் யோசித்தேன்.

இஞ்சியை யாரும் காட்டில் கண்டதில்லை. மனிதர் நடாமல் எங்கும் முளைப்பதில்லை. அது விதை கட்டுவதில்லை, கிழங்கை ஒடித்து நட்டுத்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியப் பக்கம் என்பதே தாவரவியலாரின் பொதுக் கருத்து. அப்படியானால் செடியோடு சேர்ந்து பெயரும் கிழக்கிலிருந்து வந்திருக்கலாமே? தாய்லாந்தில் இஞ்சிக்குக் 'கிங்'. பர்மியரிடம் 'ஜின்'. வியட்நாமில் 'கூங்'. சீனத்தில் 'ஜியாங்'. நம் சிங்கியை இந்த வரிசையில் நிறுத்தினால் அந்நியமாகத் தெரியவில்லை. அறிஞர்கள் சிலர் சிங்கியின் தலை அங்கிருந்து வந்தது என்றே கருதுகிறார்கள். ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயர் 1952இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகம், அவருக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து 'நம் இஞ்சி, நம் இஞ்சி' என்று எழுதிக்கொண்டு வந்தவள். பிறகு கொல்லையில் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வருத்தம் போய்விட்டது. சீனக் கப்பல்களில் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்ததை 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா எழுதினார். அதற்குப் பல நூறு வருடம் முன்பும் யாரோ ஒருவர் அப்படித்தான் ஒரு துண்டு கிழங்கையும் அதன் பெயரையும் சேர்த்துக் கரை இறக்கியிருப்பார். வாங்கியவர் தன் மொழியில் ஒரு வேரைச் சேர்த்துக்கொண்டார், வெட்டிவேர், நன்னாரிவேர் என்பதுபோல. தலை யாருடையதாக இருந்தாலும் அந்த வேர் நம்முடையது. நான் ஜூனில் சொன்னதில் எனக்கு உறுதியாக மிஞ்சியிருப்பது அதுதான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 21

எருமாட்டுக்காரர் எழுதியிருக்கிறார்: "இஞ்சி உண்மையில் வேரே இல்லை, மண்ணுக்குள் கிடக்கும் தண்டு என்று தாவரவியல் ஆசிரியர் சொன்னார். அப்படியானால் பெயர் வைத்தவருக்கு வேர் எது என்று தெரியாதா?"

தெரிந்திருக்கும். மண்ணைத் தோண்டி எடுப்பது எதுவும் மருந்துக்கடையில் வேர்தான். பிக்குகளின் பட்டியலில் மஞ்சளும் வேர்தான். பெயர் வைத்தவர்கள் தோண்டினவர்கள், விற்றவர்கள், அரைத்துக் குடித்தவர்கள்.

ஜனவரி 12

சுக்குக்கு எட்டு மாதம் முற்ற வேண்டும். இலை முழுவதும் காய்ந்து சாய்ந்த பிறகு தோண்டினோம். எதிர்பார்த்ததுபோல இந்த வருடம் விளைச்சல் குறைவு.

நேற்று முழுவதும் தோல் சீவும் வேலை. நான்கு பெண்கள், நடுவில் தண்ணீர்த் தொட்டி. தோல் சீவக் கத்தி கூடாது. மூங்கிலைப் பிளந்து நுனியைக் கூராக்கி வைத்திருக்கிறோம். இஞ்சியின் எண்ணெய் தோலுக்கு ஒட்டிக் கீழேதான் இருக்கிறது, கத்தி ஆழமாக இறங்கினால் மணம் போய்விடும், இரும்பு பட்ட இடம் கறுக்கவும் செய்யும். மூங்கில் தோலை மட்டும் வழிக்கும். இரண்டு மணி நேரத்தில் விரல் நுனி எரியத் தொடங்கும். அடுத்த நாள் சோறு பிசைந்தாலும் எரியும். ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் காய்ந்தால் ஐந்து கிலோ பச்சை ஒரு கிலோ சுக்காகும்.

நான் வைத்திருப்பது பழைய வயநாட்டு நாட்டு இஞ்சி. பக்கத்தில் ரியோ டி ஜெனிரோ போட்டிருக்கிறார்கள். ஆமாம், அதுதான் அந்த ரகத்தின் பெயர், பிரேசிலிலிருந்து வந்தது. பச்சையாக விற்றால் எடை நன்றாக வரும். சாறு அதிகம், அதனால் சுக்குக்கு ஆகாது, காய்ந்தால் இளைத்துப்போகும். போர்த்துகீசிய மொழியில் இஞ்சிக்கு 'ஜென்ஜிப்ரே'. நம் கரையிலிருந்து போன சொல்லின் பேரப்பிள்ளையைச் சொல்கிற நாட்டிலிருந்து கிழங்கு வந்து, என் வேலிக்கு அப்பால் மறுபடியும் இஞ்சி என்ற பெயரோடு நிற்கிறது.

சீவுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிழங்கைச் சுற்றி நூல் நூலாகத் தொங்கும் சல்லிகளைப் பிடுங்கிப் போட வேண்டும். எல்லோரோடும் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தேன். மூத்த அக்கா ஒருவர், முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவர், ஒரு கூடையைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "இதில் இன்னும் இஞ்சி வேர் போகவில்லை, பிடுங்கிவிட்டுக் கொடு."

கையை நிறுத்திவிட்டேன். எருமாட்டுக்காரர் ஜூனில் கேட்ட கேள்விக்கு, ஒருவர் வாயிலும் கேட்டதில்லை என்றாரே, அதற்குப் பதில் என் களத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. பொருள் மாறிவிட்டது. பாலியில் முழுக் கிழங்கின் பெயராக இருந்தது, இங்கே பிடுங்கிப் போடும் சல்லியின் பெயர். ஆனாலும் அந்த இரண்டு சொற்களும் ஒட்டி நின்றதை என் காதால் கேட்டேன். "என்ன அக்கா சொன்னீர்கள்?" என்று இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

ஜனவரி 30

சுக்கு காய்ந்துவிட்டது. சாக்கில் போட்டு உரசி மெருகேற்றி மூட்டை கட்டியாயிற்று. நோய் படாத பாத்திகளிலிருந்து தடித்த கிழங்குகளாகப் பொறுக்கி விதைக்குத் தனியாக வைத்திருக்கிறேன். நிழலில் குழி தோண்டி, மணல் பரப்பி, மலையாளிகள் பாணல் என்று சொல்லும் செடியின் இலையை அடுக்கி, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறேன். மூச்சு விட ஓரத்தில் ஒரு இடுக்கு. ஏப்ரல் மழைக்குத் திறப்பேன்.

எருமாட்டுக்காரர் நாட்டு விதை கொஞ்சம் கேட்டிருக்கிறார். ஐந்து கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.